ஏரியை ஊதாவாக்கிய மருந்து

பருத்திப்பட்டு ஏரியைக் கரையோடு கரையாக ஊதா நிறமாக்கியவள் நான். கையில் இருந்தது ஒரே ஒரு மருந்துப் புட்டி. தண்ணீர் ஊதா, தவளை ஊதா, மீன் பிடிக்க வந்து நின்ற கொக்குக்கு முட்டிவரை ஊதா. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்தினால் அரிசியே கத்தரிப்பூ நிறத்தில் வந்தது என்றும் சொல்வேன். ஆனால் சோற்று விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்று என் அம்மா கண்டித்து வளர்த்திருக்கிறாள், அதனால் அரிசியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஊரே இதை நம்பியது. நம்பாத ஒரே ஜீவன் பொன்னியம்மா. “அந்த இல்டா நர்சம்மா வாயத் தொறந்தா ஏரிய இன்னா, சமுத்திரத்தயே ஊதாவாக்கிடுவா” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைப் பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் மருமகளை நான் குணப்படுத்தப் பார்த்தேன்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. நான் கரையான்சாவடியில் ஒரு மிஷன் தர்மாஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனிக்காரனோடு மறுபடியும் சண்டை வருமா வராதா என்று ஆண்பிள்ளைகள் டீக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கோ அதைவிடப் பெரிய சண்டை ஒன்று இடுப்புக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. அதை எந்தப் பேப்பரிலும் போடவில்லை.

வாரம் ஒரு முறை மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு பருத்திப்பட்டுக்குப் போவேன். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினால் பெண்கள் வருவார்கள். எல்லோருக்கும் தலைவலி. உலகத்தில் உள்ள தலைவலி அத்தனையும் பருத்திப்பட்டில்தான் உற்பத்தியாகிறது என்று நினைத்திருக்கிறேன். பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். தலைவலிக்காரி உட்காராமல் நின்றுகொண்டே இருந்தால், வலி தலையில் இல்லை.

அந்த ஆடி மாதம் தாட்சாயிணி வந்தாள். பொன்னியம்மாவின் ஒரே மகன் சின்னசாமியின் மனைவி. கல்யாணமாகி இரண்டாவது பொங்கல்கூட வந்திருக்கவில்லை.

“தலவலிங்க நர்சம்மா.”

“குந்து.”

“நிக்கிறேங்க.”

“எப்பத்திலேருந்து நிக்கிறே?”

அவள் உதடு கோணியது. “சித்திரையிலேருந்துங்க.”

பக்கத்திலிருந்த மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், வாசலில் பாயைத் தொங்கவிட்டு மறைத்துப் பார்த்தேன். மிளகாய் அரைத்துத் தேய்த்தது போல் சிவந்து வீங்கிக் கிடந்தது. திரிந்த பால் மாதிரி வெள்ளை. அரிப்பு, எரிச்சல், ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற காந்தல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பூசணம். பெண்பிள்ளைகளின் பிறப்புறுப்பில் சாதாரணமாக வருவது. முறையாகப் பார்த்தால் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடிவிடும்.

“இதுக்கு இன்னா வைத்தியம் பண்ணீங்க?”

“அத்ததான் பண்ணாங்க. மொதல்ல உள்ளாற நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னாங்க. அப்பறம் எலுமிச்சம்பழம்.”

“எலுமிச்சம்பழமா! அங்கயா?”

“நான் கத்தின கத்துல ஏரிக்கு அந்தாண்ட மாடு மெரண்டு ஓடிச்சுங்க.”

அதற்கும் கேட்கவில்லை என்றதும் பொன்னியம்மா, இது உடம்பு நோவு இல்லை, எல்லையம்மன் கோபம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதற்குப் பரிகாரம் ஈரச் சேலை. விடியற்காலையில் ஏரியில் முழுகி, சொட்டச் சொட்டக் கோயிலைச் சுற்ற வேண்டும். அதோடு போகாமல், அந்தச் சேலை உடம்பிலேயே காயவேண்டும். ஆடி மூட்டத்தில் சேலை காய உச்சி தாண்டிவிடும். காய்ந்ததா, சரி, சாயங்காலம் மறுபடி ஒரு முழுக்கு. அரிப்பு அதிகமானால் சுற்றும் அதிகம். சுற்று அதிகமானால் ஈரம் அதிகம், ஈரம் அதிகமானால் அரிப்பு. அந்தப் பெண்ணின் இடுப்பில் யாராவது விதை நெல் தூவியிருந்தால் ஒரு போகம் அறுத்திருக்கலாம்.

“ஊறுகா ஜாடியில ஈரக் கரண்டிய வுட்டா இன்னா ஆவும்?” என்று கேட்டேன்.

“பூசணம் பூக்கும்.”

“அதேதான் இது. சாபமும் இல்ல, நீ தப்பு ஒண்ணும் பண்ணல. நீ ஜாடியத் தினம் ரெண்டு வேள ஏரியில முக்கி எடுக்கறே.”

முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே அழுதாள். “ஆவணி பொறந்தா அவருக்கு வேற பொண்ணு கட்டப்போறாங்க நர்சம்மா. திருமழிசையில பேசிட்டாங்க. எனக்கு மேக நோவாம், ஒட்டிக்குமாம், புள்ளயே பொறக்காதாம். ஊடு பாக்க அவுங்க வரதுக்குள்ள நல்லாவலன்னா என்ன வேப்பம்பட்டுல எங்க ஆத்தா ஊட்ல கொண்டுபோய் வுட்டுடுவாங்க.”

“உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்றாரு?”

“அம்மா சொல்றதத்தான் சொல்றாரு. ஆனா சொல்லும்போது அழுவறாரு.”

ஆக, ஆவணிக்குள் ஒரு பூசணத்தை விரட்டியாக வேண்டும். இல்லையென்றால் ஒரு குடித்தனம் போய்விடும்.

என் பெட்டியில் ஜென்ஷன் வயலட் என்று ஒரு சாய மருந்து இருந்தது. கைக்குழந்தை வாயில் வெள்ளை பூத்தால் தொட்டு வைப்போமே, அது. அதே பூசணத்துக்கு அதே மருந்து. நல்ல மருந்து. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம், பட்ட இடம் ஊதா. என் சுட்டு விரலில் ஒரு ஈஸ்டருக்குப் பட்ட சொட்டு அடுத்த ஈஸ்டருக்குத்தான் போனது. குச்சியில் பஞ்சைச் சுற்றி அன்றைக்கு நானே பூசிவிட்டேன். மறுநாளிலிருந்து எப்படிப் பூசுவது என்று காட்டி, ஒரு சின்னப் புட்டியில் மருந்தும் ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே சவுக்காரம் கூடாது, எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். வெளியே வெறும் தண்ணீர். கழுவியதும் ஒற்றித் துடைத்து உலரவிட வேண்டும். வெளிக்குப் போனால் முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும், பின்னாலிருந்து முன்னால் அல்ல. மருந்து முடிகிறவரைக்கும் புருஷனுக்குத் தனிப் பாய்.

பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் பொன்னியம்மா நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை, வெற்றிலை வாய், இடுப்பில் இரண்டு கை.

“இன்னா நர்சம்மா, மைசூர் ராஜாவுக்குப் பூசற மையா? மருமவள சித்திரம் எழுதிக்கினு கீறீங்க போல?”

“மருந்து பொன்னிம்மா. நல்லாயிடும்.”

“ஆத்தா கோவத்துக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டானா வெள்ளக்காரன்? அந்த ஈரச் சேலைய நிறுத்தினா ஆத்தா குடும்பத்தயே வாரிக்கினு பூடும், ஆமா.”

நான் வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள். எல்லையம்மனோடு நேராகப் பேசமுடியாது. அதனால் கோயில் பூசாரி நாகப்பனிடம் போனேன். நாகப்பனுக்கு வருஷக்கணக்கில் காதில் சீழ். நான்தான் சுத்தம் செய்து மருந்து விடுவேன். என் பேச்சு அவருக்கு மற்றவர்கள் பேச்சைவிடக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். பிறகு ஊர்ப் பெண்கள் நடுவில் சத்தமாகச் சொன்னார்:

“ஆத்தா கேட்டது ஈரச் சேலைய. அதுக்குள்ளாற ஒரு பொம்பள இருக்கணும்னு ஆத்தா எங்க கேட்டா?”

அன்றிலிருந்து தாட்சாயிணி முழுகுவாள், ஒரே சுற்றுச் சுற்றுவாள், ஈரச் சேலையை வேப்ப மரத்தில் அம்மனுக்கென்று கட்டிவிட்டு, உலர்ந்த சேலையில் வீட்டுக்குப் போவாள். பொன்னியம்மாவும் அதற்குச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. அம்மன் உத்தரவாயிற்றே.

இத்தோடு போயிருந்தால் ஏரி ஏரியாகவே இருந்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் உள்ளே வைத்துக்கொள்கிற துணி ஆண்பிள்ளை கண்ணில் படக்கூடாது. துவைத்துவிட்டுக் கொடியில் போட்டு, அதன்மேல் வேறொரு துணியைப் போர்த்தி மறைத்துக் காயவைப்பார்கள். காய்வது எங்கே, அது ஊறும். மருந்து கசிந்து சேலையில் படாமலிருக்கப் பழந்துணியை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வெயிலில் விரித்துக் காயவை என்றும் படித்துப் படித்துச் சொன்னேன். தாட்சாயிணி எல்லாம் கேட்டாள், இதை மட்டும் கேட்கவில்லை. துவைத்த துணியைக் கொடியில் போட்டு, அதன்மேல் புருஷனுடைய வெள்ளை வேட்டியை, அதுவும் ஈரமாக, அழகாகப் போர்த்தினாள்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், வேட்டியின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு ஊதா நிலா.

சின்னசாமிக்கு அது ஒன்றுதான் நல்ல வேட்டி. பூந்தமல்லி சந்தைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனான். நிலா சரியாகப் பின்பக்கம் உதித்திருந்தது.

“இன்னா நைனா, பின்னால கத்தரிக்கா காச்சிக்கீது?” என்று கேட்டானாம் ஒரு தரகன்.

“பட்டணத்துல இதான் புது மாதிரி அண்ணாத்தே. மில்லுலயே போட்டு வருது” என்றானாம் சின்னசாமி. பையன் அம்மாவுக்குத்தான் பயந்தவன், பொய்க்குப் பயந்தவன் இல்லை.

ஆண்பிள்ளைகள் நம்பினார்கள். பெண்கள் நம்புவார்களா? அந்த வேட்டியைப் பார்த்ததுமே தண்ணீர்த் துறையில் கணக்குப் போட்டுவிட்டார்கள். தாட்சாயிணி இப்போது உட்காருகிறாள். உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அப்படியானால் அந்த ஊதாவில் விஷயம் இருக்கிறது.

அடுத்த வாரம் புளியமரத்தடியில் தலைவலி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. “நர்சம்மா, அந்த ஊதா” என்றார்கள். மருந்து வாங்கவந்த கூட்டம் ஒரு பக்கம் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும், இன்னொரு பக்கம் பூந்தமல்லி வரைக்கும் நின்றது. பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள், வயல் சேற்றில் நாள் முழுக்க நின்றவர்கள் வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தேன். எல்லாருக்கும் பூசணம் இல்லை. வேறு நோவு இருந்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பூசணக்காரிகளுக்குப் பூசினேன். எல்லாருக்கும் வெயில் உபதேசம் செய்தேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வேட்டியைப் போர்த்தினார்கள்.

அப்புறம் என்ன, அடுத்த சந்தையில் பருத்திப்பட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் வேட்டியிலும் நிலா. ஒருவன் சாயம் தோய்க்கிறவன் மேல் விழுந்துவிட்டேன் என்றான். ஒருவன் இடி விழுந்தது என்றான். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் வாழைக்காய் விலை கேட்கப் போய்விட்டார்கள். ஆனால் அன்று ராத்திரி ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ‘இனிமே அந்தத் துணிய என் வேட்டிக்கு அடியில போடாத, வெயில்லயே போட்டுத் தொல’ என்று ஆண்பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். என் உபதேசம் செய்யாததை ஒரு சந்தை செய்தது.

கொடிகளில் துணிகள் வெயிலைப் பார்த்தன. துறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அலச, ஏரி ஊதாவானது. கரையில் நின்று நான் கண்ணால் பார்த்தேன்.

“பொய்யி” என்றாள் பொன்னியம்மா. “தொறையாண்ட ஒரு கை அளவு கலங்கியிருக்கும். இவ அத ஏரின்றா.”

ஆடி முடிந்தது. தாட்சாயிணிக்கு அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, வெள்ளை இல்லை. நானே பார்த்து, போதும் என்று மருந்தை நிறுத்தினேன். ஆனால் பொன்னியம்மா மசியவில்லை. “சாபம் தூங்குது. மறுபடி முழிக்கும். வாக்குக் குடுத்தது குடுத்ததுதான்” என்றாள். ஆவணி பிறந்ததும் திருமழிசையிலிருந்து ஜம்புலிங்கம் என்கிற மிராசுதாரும் அவர் மனைவி எல்லம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். அன்றைக்குத் தாட்சாயிணி சாட்சி சொல்லக் கூப்பிட்டாள் என்று நானும் போயிருந்தேன். கூடத்தில் ஜமக்காளம், அதன்மேல் சலவை வேட்டி விரித்திருந்தது. பொன்னியம்மா அதன் நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, தாட்சாயிணியின் நோவை விலாவாரியாக அளந்துகொண்டிருந்தாள்.

“மருந்துக்கு நிக்கற நோவா இது? ஆத்தா போட்ட முத்திர. எந்த ஊதாவும் அழிக்காது.”

“நல்லாயிட்டா பொன்னிம்மா. நான் பாத்தேன்” என்றேன்.

“நீ ஏரியே ஊதாவாச்சின்னு பாத்தவதான?” என்று சொல்லி, ஜம்புலிங்கம் சிரிக்க, அவளும் சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்தாள்.

சலவை வேட்டியில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அழகான ஊதா நிலா. அவள் வெள்ளைச் சேலையின் பின்னால் அதற்கு ஜோடி நிலா.



“இன்னாமா அது?” என்றார் ஜம்புலிங்கம்.

பொன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். “வெத்தலச் சாறு.”

“அது செவப்பால்ல இருக்கும்?”

“நாவப்பழம்.”

“ஊட்டுக்குள்ளாறயா?”

“ஏரித் தண்ணிங்க!” என்றாள் பொன்னியம்மா. “ஏரியே ஊதாவா கீது, ஊரே சொல்லுதே, சேலைய அதுலதான அலசறோம்!”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கியதில் என் ரவிக்கையில் ஒரு கொக்கி தெறித்துவிட்டது.

“நாங்க ஏரிக்கர மேலதான வந்தோம்” என்றார் ஜம்புலிங்கம். “தண்ணி சேறா கீது.”

பொன்னியம்மா வெற்றிலைத் தட்டைப் பின்னால் கொண்டுபோய் மறைக்கப் பார்த்தாள்.  அப்போது தாட்சாயிணி சமையல்கட்டு வாசலிலிருந்து வந்து, அத்தைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“அது நான் குந்தின எடங்க” என்றாள். “காலையில நான்தான் குந்தினேன். தெரியாம அத்த அதுமேல குந்திட்டாங்க.”

ஜம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். “அப்ப இவளுக்கு நோவு இன்னும் போவல. சரி பொன்னிம்மா. இவள வேப்பம்பட்டுக்கு அனுப்பிச்சிட்டு ஆள் வுடுங்க. முகூர்த்தம் பாத்துடுவோம்.”

செருப்பை மாட்டப் போனார். சின்னசாமி ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தான். தாட்சாயிணி அத்தையின் சேலையை மறைத்தபடி அசையாமல் நின்றாள். பொன்னியம்மா அவளைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் பார்க்காத பார்வை அது.

“நில்லுங்க” என்றாள். “அவ குந்தல. நான்தான். என் சேலதான்.”

“அம்மா!” என்றான் சின்னசாமி.

“சும்மா கெடடா. எனக்கும்தான் அந்தக் கருமாந்தரம், போன வருசத்துலேருந்து. எலுமிச்சம்பழம் மொதல்ல எனக்குத்தான் போட்டேன், கேட்டுக்க. அவ புட்டியிலேருந்து திருட்டுத்தனமா எடுத்துப் பூசிக்கினேன். இவளுக்குத் தெரியும். புட்டி கொறையறதப் பாத்தா, என் மொகத்தப் பாத்தா, வாயத் தொறக்கல. இப்பவும் பாரு, எம் மானத்துக்காவ அவ வாழ்க்கைய வுடறா.” தட்டை டங்கென்று கீழே வைத்தாள். “மருமவளுக்கு வந்தா சாபம், எனக்கு எவ சாபம் வுட்டா? நோவுதான். மருந்துல நிக்குது. எம்மவனுக்கு ஒரு பொண்டாட்டி போதும். நீங்க போய்ட்டு வாங்க.”

ஜம்புலிங்கம் வெளியே போய் வண்டியில் ஏறிவிட்டார். எல்லம்மா மட்டும் செருப்பைத் தேடுகிற சாக்கில் என் காதருகே குனிந்தாள். “அந்த மருந்து திருமழிசைப் பக்கம் கொண்டாருவீங்களா? எனக்குத் தலவலி.”

அவர்கள் போனதும் பொன்னியம்மாவைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனேன். பூசணம் அடங்கித்தான் இருந்தது, முழுக்கப் போகவில்லை. அவள் வயசுக்கு ஒரு வருஷமாக விடாமல் வருகிறது என்றால் வேறு கேள்வி கேட்க வேண்டும்.

“தண்ணி தாகம் நெறய எடுக்குதா? ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதா?”

“ஒனக்கு எவ சொன்னது?” என்று வாசல் வழியாக வெளியே நின்ற மருமகளை முறைத்தாள்.

“யாரும் சொல்லல. சக்கர நோவுன்னா இந்தப் பூசணம் திரும்பத் திரும்ப வரும். நாளைக்கே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். இன்னியோட வெல்லப் பானையப் பாக்கக்கூடாது.”

“வெல்லமா!” திருமழிசைச் சம்பந்தம் போனதற்குக்கூட அவள் அவ்வளவு துக்கப்படவில்லை.

வெளியே தாட்சாயிணி, அத்தையின் சேலையைத் துவைத்து, ஊதா நிலா தெரிய, நட்ட நடு வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பொன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

எனக்கு விட மனசில்லை. “அப்ப ஏரி?” என்றேன்.

“இன்னா ஏரி?”

“ஜம்புலிங்கத்துகிட்ட சொன்னீங்களே. ஊதாவா கீதுன்னு.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

“ஆமாடியம்மா, ஊதாவாத்தான் இருந்துச்சு. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும். தவளகூட ஊதா. என் ரெண்டு கண்ணால நான்தான் பாத்தேன், போதுமா?”